அந்த மாத்திரையை மட்டும் வேற சிஸ்டர் கொடுப்பாங்க

இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வார்டு மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாயிற்றா, முதுகுவலி உண்டா, கையுறை ரப்பர் ஒத்துக்கொள்ளுமா என்று வரிசையாகக் கேள்விகள். நடுவில் ஒரு கட்டம்: கருக்கலைப்பு சிகிச்சையில் பங்கெடுக்க உங்கள் மனசாட்சி இடம் கொடுக்காத நிலை உண்டா? ஆம், இல்லை.

பதினைந்து வருஷம் ஊரில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டுப் போனவள் நான். சம்பளம் போதுமா என்றுகூட யாரும் கேட்டதில்லை. மனசாட்சியை யார் கேட்கப் போகிறார்கள்? கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு ஆம் என்று டிக் போட்டேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, நீங்கள் கத்தோலிக்கரா என்றார். இல்லை என்றேன். எங்கள் வீட்டில் முனியப்பன். ஆட்டுக்கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிற சாமி. கர்ப்பத்தைப் பற்றி முனியப்பன் எதுவும் சொல்லி வைத்ததாக எனக்குத் தெரியாது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியதில்லையாம், 1967 கருக்கலைப்புச் சட்டத்தில் மதம் என்ற வார்த்தையே கிடையாது, மனசாட்சி என்றுதான் இருக்கிறது என்றார்.

காரணம் எழுத ஒரு கோடு விட்டிருந்தார்கள். விருப்பப்பட்டால் எழுதலாம். நான் எழுதவில்லை. ஒரு கோட்டில் அடங்குகிற விஷயமா அது?

என் பெயர் போதும்பொண்ணு. ஓமலூர்ப் பக்கம், நாலாவது பெண். பெயரைக் கேட்டாலே மீதிக் கதை எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரிந்துவிடும். இங்கே யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையாததால் 'போ' என்று சுருக்கிவிட்டார்கள். ஊரில் போ என்றால் வெளியே போ. இங்கே போ என்றால் நான்.

எனக்கு ஒன்பது வயசாக இருந்தபோது, 1992இல், ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தார். முதலில் கொண்டுவந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். பெண் குழந்தை வேண்டாமென்றால் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ, அரசாங்கம் வளர்க்கும். 'உன்னையும் அங்கதான் போட்டிருக்கணும், திட்டம் லேட்டா வந்துடுச்சு' என்று சித்தப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

2004இல் படிப்பை முடித்துவிட்டு ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்ந்தேன். மாதம் 1,800 ரூபாய். ஊரைச் சொல்லவில்லை, சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லக்கூடாது என்ற சட்டம் வந்து அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது. சுவரில் போர்டும் மாட்டியிருந்தது. ஸ்கேன் எடுத்த இரண்டாம் நாள் பெட்டியோடு வந்து அட்மிட் ஆகிறவர்களும் இருந்தார்கள்.

எம்.டி.பி., அதாவது கருக்கலைப்பு கேஸுக்கு ஃபாரம் நிரப்புவது என் வேலை. எதற்காகக் கலைக்கிறோம் என்ற இடத்தில் எப்போதும் ஒரே பதில்: கருத்தடை சாதனம் பலனளிக்கவில்லை. இந்தியாவின் 1971 கருக்கலைப்புச் சட்டத்தில் கல்யாணமான பெண்ணுக்கு அது செல்லுபடியாகும் காரணம். அப்போதெல்லாம் பன்னிரண்டு வாரம் தாண்டினால் இரண்டு டாக்டர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது டாக்டரின் கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள்கள் மேஜை டிராயரில் கட்டாக இருக்கும். ஒன்றை உருவிப் பெயரை எழுதினால் முடிந்தது.

ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. ஏற்கெனவே மூன்று பெண் குழந்தைகள். ஐந்தாம் மாதம். ஃபோலீஸ் கத்தீட்டர் என்ற குழாய் வழியாக எம்க்ரெடில் என்ற கருக்கலைப்பு மருந்தை ஏற்றினார்கள். அந்த மஞ்சள் கலரை அந்தக் காலத்து ஸ்டாஃப் நர்ஸ் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். துணியில் பட்டால் போகாது. மறுநாள் விடியற்காலை வலி வந்தது. டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. கிட்னி ட்ரேயை நான்தான் பிடித்திருந்தேன். மாமியார் கதவுக்கு வெளியே நின்று 'ஆச்சா, ஆச்சா' என்று கேட்டுக்கொண்டிருந்தார். படுத்திருந்த பெண் என் கையைப் பிடித்து இழுத்து மெதுவாகச் சொன்னாள்: 'சிஸ்டர், அது பொண்ணுதானா, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.'

பார்த்தேன். சொல்லவில்லை. மேலே காஸ் துணியைப் போட்டு மூடிவிட்டேன்.

உனக்கு இது சம்மதமா என்று அந்தப் பெண்ணை அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஃபாரத்தில் அவள் கையெழுத்து இருந்தது, அவ்வளவுதான். இரண்டு மாசத்தில் அந்த வேலையை விட்டேன். கோயம்புத்தூரில் ஐ.சி.யூ.வுக்கு மாறினேன். லேபர் வார்டு பக்கமே போகாமல் காலத்தை ஓட்டிவிட்டேன். இங்கே வந்து பார்த்தால் எனக்கு ஒதுக்கியிருந்தது கைனக் வார்டு, பெண்நோய்ப் பிரிவு.

ஆக, கட்டத்தில் டிக் போட்டாயிற்று. டிக் போட்ட தைரியத்தில் நான் செய்த அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் சைட் ரூமில் கருக்கலைப்புக்காக ஒரு பெண் இருந்தாள். எனக்கு ஒதுக்கின பேஷன்ட் இல்லை. அந்த அறையின் கால் பெல் அடித்தது. நான் மருந்து ட்ராலிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அது என் அறை இல்லை, எனக்குத்தான் விலக்கு இருக்கிறதே என்று மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தேன். பெல் அடித்துக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷம் இருக்கும். கோட்டயத்துச் சேச்சி ஒருவர் எங்கள் வார்டில் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், கழுத்தில் சிலுவை. அவர் இடைவேளை முடிந்து வந்தவர் நேராக உள்ளே ஓடினார். அந்தப் பெண் உடம்பெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, கவுனை நனைத்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறாள். சுத்தம் செய்து படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: 'மோளே, வாந்தியில என்ன பாவம் இருக்கு?'

என்னிடம் பதில் இல்லை.

விஷயம் மேலே போயிற்று. வார்டு சிஸ்டர் கூப்பிட்டு உட்கார வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டு கிளாஸ்கோ கேஸைப் பற்றிச் சொன்னார். கிளாஸ்கோவின் சதர்ன் ஜெனரல் ஆஸ்பத்திரியில் லேபர் வார்டைப் பொறுப்பேற்று நடத்திய இரண்டு சீனியர் மிட்வைஃப்கள், அதாவது பிரசவம் பார்க்கிற நர்ஸ்கள், கத்தோலிக்கர்கள். நாங்கள் கருக்கலைப்பைச் செய்ய மாட்டோம் என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. செய்கிற நர்ஸ்களுக்கு வேலை ஒதுக்கவும் மாட்டோம், மேற்பார்வையும் பார்க்க மாட்டோம் என்றார்கள். கீழ்க் கோர்ட்டில் தோற்றார்கள், 2013இல் அப்பீலில் ஜெயித்தார்கள். 2014 டிசம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி தோற்றார்கள். தீர்ப்பை எழுதியவர் லேடி ஹேல். பங்கெடுப்பது என்றால் சிகிச்சையில் நேரடியாகக் கை வைப்பது, மாத்திரை கொடுப்பதில் தொடங்கி கருவும் நஞ்சும் வெளியேறுவது வரை. வேலை ஒதுக்குவது, ரோஸ்டர் என்கிற ட்யூட்டிப் பட்டியல் போடுவது எல்லாம் அதில் வராது. முடிந்த பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள்கிற சாதாரண நர்சிங்கும் வராது.

அதற்கும் முன்னால், 1988இல், சால்ஃபோர்டில் ஒரு கேஸ். ஒரு டாக்டரின் செக்ரட்டரி, கருக்கலைப்புக்காகப் பெரிய டாக்டருக்கு அனுப்பும் கடிதத்தை டைப் அடிக்க மாட்டேன் என்று சொல்லி வேலையை இழந்தார். அவரும் தோற்றார். டைப் அடிப்பது சிகிச்சை இல்லை.

எங்கள் நர்சிங் கவுன்சிலின் விதி இன்னும் நேராகச் சொல்கிறது. ஒரு சிகிச்சையில் பங்கெடுக்க மனசு ஒப்பவில்லையென்றால் கூட வேலை செய்கிறவர்களிடமும் மேனேஜரிடமும் பேஷன்டிடமும் சொல்லிவிடு. தகுதியுள்ள இன்னொருவர் கையில் அந்தப் பேஷன்டை ஒப்படை. ஒப்படைக்கிற வரைக்கும் அவள் உன் பேஷன்ட். அப்புறம், உயிர் போகிற கட்டமென்றால் விலக்கே கிடையாது. அது 1967 சட்டத்திலேயே இருக்கிறது.

இந்த மாதிரி கேஸ்களைப் படிக்கும்போது நர்ஸ் ஜெயித்தாளா தோற்றாளா என்றுதான் பார்க்கிறோம். படுக்கையில் கிடந்தவள் காதில் என்ன விழுந்தது? சவிதா ஹலப்பனவரை மறந்திருக்க மாட்டீர்கள். கர்நாடகப் பெண், பல் டாக்டர், அயர்லாந்தின் கால்வே ஆஸ்பத்திரியில் 2012 அக்டோபர் 28 அன்று இறந்தார். பதினேழு வாரக் கர்ப்பம், கரு கலைந்துகொண்டிருந்தது, பிழைக்காது என்று தெரியும். ஆனால் இதயத் துடிப்பு இருக்கிறவரை கை வைக்க முடியாது என்றார்கள், தொற்று பரவி செப்சிஸ் ஆகிவிட்டது. அங்கே தடுத்தது சட்டமும் சட்டத்தைப் பற்றிய பயமும். ஒரு நர்ஸின் மனசாட்சி இல்லை. ஆனாலும் சவிதா கேட்டபோது ஒரு மிட்வைஃப் மேனேஜர் 'இது கத்தோலிக்க நாடு' என்று சொன்னாரே, அதைத் தானே சொன்னதாக விசாரணையில் ஒப்புக்கொண்டாரே, அந்த ஒரு வரி. வேறு அர்த்தத்தில்தான் சொன்னாராம், புண்படுத்த இல்லையாம். நம்புகிறேன். அன்றைக்கு நான் ட்ராலிக்குப் பக்கத்தில் நின்றதும் யாரையும் புண்படுத்த இல்லை.

இப்போது அந்தத் தமிழ்ப் பெண்ணைப் பற்றி. ஊர், வயசு, படிப்பு, தேதி எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். யாராக இருக்கும் என்று துப்புத் துலக்க வேண்டாம்.

இரவு ஷிஃப்ட், ஏழரை மணி ஹேண்டோவர். சைட் ரூம் மூன்று, பதினைந்து வாரம். முதல் மாத்திரையை இரண்டு நாளைக்கு முன் கிளினிக்கில் கொடுத்தாயிற்று, இரண்டாவது ரகத்தைக் காலையிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கிறார்கள், இன்னும் ஆகவில்லை. வழக்கம்போலச் சேச்சி அந்த அறையை எடுத்துக்கொண்டார். நான் எதிர்ப்பக்கம் ஆறு படுக்கை.

தண்ணீர் ஜக்கை மாற்றத்தான் உள்ளே போனேன். முன்பிருந்த நான் அதைக்கூடச் செய்திருக்க மாட்டேன். எங்கள் எல்லோருக்கும் மஞ்சள் நிற பேட்ஜ் உண்டு, 'ஹலோ, மை நேம் இஸ்' என்று போட்டுக் கீழே பெயர். என்னுடையதில் மட்டும் முழுப் பெயரை வைக்கச் சொல்லி அடம் பிடித்திருந்தேன். அந்தப் பெண் அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். முகம் மாறியது.

'அக்கா… போதும்பொண்ணா?'

இந்தத் தீவில் என் பெயரைப் படித்து அர்த்தம் புரிந்துகொண்ட முதல் பேஷன்ட் அவள்தான். வலியில் இருந்தவள் ஒரு நொடி சிரித்துவிட்டாள். அப்புறம் அழுதாள். காலையிலிருந்து இங்கிலீஷிலேயே வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது அக்கா என்றாள். கூட யாரும் இல்லை. படிக்க வந்த இடம். ஊரில் யாருக்கும் தெரியாது. அந்தப் பையனைப் பற்றி அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

'அடுத்த மாத்திரை நீங்க குடுக்கறீங்களாக்கா?'

விதிப்புத்தகத்தில் பேஷன்டிடம் சொல் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டார்கள். எப்படிச் சொல்வது? என் மனசாட்சி ஒத்துக்கொள்ளாது என்றால், உன் மனசாட்சி எப்படி ஒத்துக்கொண்டது என்றுதானே அவள் காதில் விழும். பாதிப் பெண்கள் அதைத்தான் ஏற்கெனவே தங்களையே கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள். நான் சொன்னது: 'அந்த மாத்திரையை மட்டும் வேற சிஸ்டர் கொடுப்பாங்கம்மா. அவங்க என்னைவிட நல்லாப் பார்த்துக்குவாங்க. நான் எதிர்லதான் இருக்கேன்.'

அவள் முட்டாள் இல்லை. என்னையே பார்த்தாள். 'உங்களுக்குப் பிடிக்காதா?' என்றாள். எனக்கு ஒரு பழைய விஷயம் இருக்கிறது, அதற்கும் உனக்கும் சம்பந்தமில்லை என்றேன். அது உண்மைதானா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் அந்த நர்சிங் ஹோமில் யாரும் அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. இவளைக் கிளினிக்கில் தனியாக உட்கார வைத்து, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா, நிச்சயமாக வேண்டுமா என்று திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். அங்கே வெற்றுத் தாளில் கையெழுத்து. இங்கேயும் இரண்டு டாக்டர் கையெழுத்துதான். ஆனால் வேண்டுமென்று சொன்னது அவளே. அப்படியானால் என் கை எதற்காகப் பின்வாங்குகிறது? மூளைக்கு வித்தியாசம் தெரிகிறது. கைக்குத் தெரியவில்லை. கை இன்னும் அந்த ட்ரேயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பதினொன்றரை மணிக்கு முடிந்தது. சேச்சி கூடவே இருந்தார். எல்லாம் எடுத்தாயிற்று என்று வெளியே வந்து எனக்குத் தலையாட்டினார். நான் போய் வெந்நீரில் அவள் முகத்தையும் காலையும் துடைத்தேன். துணி மாற்றினேன். ரத்தப்போக்கு பார்த்தேன், பி.பி. பார்த்தேன். டோஸ்ட் கொண்டுவந்து வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். இந்த நாட்டு ஆஸ்பத்திரியில் எதற்கும் டோஸ்ட்தான் மருந்து. அரை ஸ்லைஸ் சாப்பிட்டாள். ரசம் சாதம் கிடைக்குமா அக்கா என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள். என் டிபன் பாக்ஸில் தயிர் சாதம் இருந்தது. எழுப்பவில்லை.

ஊரில் இருக்கும் தோழிகளிடம் இந்தக் கட்டம், டிக் விஷயத்தைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நம் 1971 சட்டத்தில் இப்படி ஒரு விலக்கே கிடையாது. 2021இல் திருத்தினார்கள். இருபது வாரம் வரை ஒரு டாக்டர் போதும், சிலருக்கு இருபத்துநாலு வாரம் வரை என்று மாற்றினார்கள், கணவர் என்ற இடத்தில் துணை என்று போட்டார்கள். நல்ல திருத்தங்கள். நர்ஸின் மனசாட்சி அப்போதும் வரவில்லை. டாக்டர்களுக்கு 2002இல் வந்த நடத்தை விதியிலோ நேர் எதிர்: மருத்துவக் காரணம் இருக்கும்போது மதத்தை மட்டும் காட்டிக் கருக்கலைப்புக்கு உதவ மறுக்கக்கூடாது. எனக்கு அதைக் குறை சொல்லத் தோன்றவில்லை. தாலுகா ஆஸ்பத்திரியில் இருப்பதே ஒரு டாக்டரம்மா. அவர் மறுத்தால் அந்தப் பெண் பஸ் ஏறி எங்கே போவாள்? இத்தாலியில் 1978 சட்டமே விலக்குக் கொடுக்கிறது. அங்கே மகப்பேறு டாக்டர்களில் அறுபது சதவீதத்துக்கும் மேல் அதை எடுத்துக்கொள்கிறார்கள். சில ஊர்களில் செய்ய ஆளே இல்லை. ஸ்வீடனில் விலக்கே இல்லை. அங்கே மறுத்த இரண்டு மிட்வைஃப்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2020இல் மனுவையே ஏற்கவில்லை.

ஆனால் விதியே வாய் திறக்காவிட்டால் அது வேறு வழியில் வெளியே வரும். 2023 அக்டோபரில் டெல்லியில் நடந்தது ஞாபகம் இருக்கலாம். இரண்டு குழந்தைகளுக்குத் தாய், பிரசவத்துக்குப் பிந்திய மனநோய், இருபத்தாறு வாரம். உச்ச நீதிமன்றம் கலைக்க அனுமதி கொடுத்தது. மறுநாள் எய்ம்ஸ் டாக்டர் ஒருவரிடமிருந்து ஈமெயில்: இது உயிர் பிழைக்கக்கூடிய குழந்தை, இதயத் துடிப்பை நாங்கள் நிறுத்தட்டுமா? இரண்டு நீதிபதிகளும் இரண்டு பக்கம் பிரிந்தார்கள். மூன்று நீதிபதி பெஞ்ச் அக்டோபர் 16 அன்று அனுமதி இல்லை என்றது. அந்த டாக்டர் கேட்டது மருத்துவக் கேள்வியா, மனசாட்சிக் கேள்வியா, நான் சொல்ல முடியாது. ஊசியைப் பிடிக்க வேண்டிய கை யாருடையது என்று அதுவரை யாரும் பேசவில்லை என்பது மட்டும் எனக்கு உறைத்தது. அந்தத் தாமதத்தை முழுக்க அனுபவித்தது டாக்டர் இல்லை, அந்தப் பெண்.

எங்கள் வார்டில் என் டிக்குக்கு விலை கொடுப்பது சேச்சி. ஒரு மாதத்தில் ஏழு தடவை சைட் ரூம் மூன்று அவருக்கே வந்தது. நான் பதிலுக்கு அவருடைய கத்தீட்டர், டிமென்ஷியா பாட்டிகள், காலைக் குளியல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன். கணக்குச் சரியாகாது, இரண்டு பேருக்கும் தெரியும். உங்கள் சர்ச் பாதிரியார் ஒன்றும் சொல்லமாட்டாரா என்று ஒரு தடவை கேட்டேன். 'எங்க அச்சனுக்கு ரோஸ்டர் போடத் தெரியுமா?' என்றார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, 'எனக்கும் கஷ்டம்தான். நீ கேட்டுட்டே, நான் கேட்கலை' என்றார்.

அடுத்த மாதம் சேச்சி நாலு வாரம் கோட்டயம் போகிறார், மகளுக்கு நிச்சயதார்த்தம். ரோஸ்டர் நேற்று வந்தது. வெள்ளி இரவுகளில் என்னோடு போட்டிருப்பது புதிதாக வந்திருக்கும் ஒரு சின்னப் பெண், நாகர்கோவில், பயிற்சி முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. அந்தத் தாளில் அவள் எந்தக் கட்டத்தில் டிக் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டால் சீனியர் அக்கா கேட்கிறாள் என்று ஒரு பதில் சொல்வாள். அதனால் கேட்கவில்லை. வார்டு சிஸ்டருக்குத்தான் ஒரு மெயில் எழுதினேன், வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வார்டிலிருந்து ஓர் ஆளை அனுப்ப முடியுமா என்று. இன்னும் பதில் வரவில்லை.